கருவி வந்த கரையும் ஆசிரியை நடந்த தூரமும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. 1586-இல் அந்தச் சிற்றூரில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. ‘அடியார் வரலாறு’ என்று இன்று நாம் அழைக்கும் ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’ அது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூலாக வந்திருந்தது. இரண்டையும் உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்பட்ட போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி ஹென்ரிக் ஹென்ரிக்ஸ். 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1600-இல் இறக்கும்வரை இந்தக் கரையோடுதான் வாழ்ந்தார். அச்சுப் பணிக்கு இங்கிருந்த பரதவர்கள் பொருளுதவி செய்தார்கள். கடலின் அடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு அச்செழுத்தாக மாறியது.

இந்தச் செய்தியைத் தூத்துக்குடிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். சொல்லலாம்தான். ஆனால் பெண்கள் இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கூடவே கேட்க வேண்டும். தமிழின் ஆரம்பகால அச்சகம் ஒன்று இயங்கிய கரையில், ஒரு பெண் ஆசிரியராவதற்கு எத்தனை காலம் ஆயிற்று? அவர் பட்டம் பெறுவதற்கு எத்தனை காலம்? கற்பிக்கும் கருவிகளைப் பற்றியே முதுகலை, முனைவர் பட்ட நிலையில் படிக்கும் ‘கல்வித் தொழில்நுட்பம்’ என்ற துறைக்குள் அவர் நுழைவதற்கு?

கருவி 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அதைக் கையில் எடுக்கவும், பிறகு அதைப் பற்றிப் பேசும் உரிமையைப் பெறவும் ஆசிரியை நடக்க வேண்டியிருந்த தூரத்தைத்தான் இந்தக் கட்டுரை அளந்து பார்க்கிறது.

மணி, மணல், ஓலை

அச்சுக்கு முன்பே இந்தக் கரையில் இன்னொரு கற்பித்தல் முறை பரவியிருந்தது. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் தெரிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டினார். வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அதே சிறுவர்களை வைத்து மக்களின் பழைய சாமி உருவங்களை உடைக்கச் செய்ததையும் அவருடைய கடிதங்களே சொல்கின்றன. மணி, மனப்பாடம், பிள்ளைகள் வழியாகப் பரப்புதல் என்று இன்றைய பாடநூல் மொழியில் இதற்கும் ஒரு பெயர் வைக்கலாம். கற்பிக்கும் கருவி எப்போதும் ஓர் அதிகாரத்தின் கையில் இருந்துதான் வருகிறது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உள்ளூர்த் திண்ணைப் பள்ளிகளிலும் கருவிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகுவது, பிறகு ஓலை, எழுத்தாணி. மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிப்பதையும் அங்கே கையாண்டார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் பரவியது. தமிழ்நாட்டுத் திண்ணையில் யாருக்கும் பெயர் தெரியாமல் இருந்த ஒரு முறை, கடல் தாண்டியதும் ஒருவரின் கண்டுபிடிப்பானது.

இந்தக் கட்டுரை முழுக்க இந்த நிகழ்வைப் பார்க்கப் போகிறோம். வகுப்பறையில் புழங்குகிற அறிவுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து பெயர் வைக்கிறார். பெயர் வைத்தவர் அறிஞராகிறார். புழங்கியவர் பின்னால் நிற்கிறார். திண்ணையில் பின்னால் நின்றவர் ஆண் வாத்தியார். பெண்பிள்ளைகளோ பெரும்பாலும் அந்தத் திண்ணையிலேயே இல்லை.

சம்பளம் வாங்கிய முதல் கைகள்

1778-இல் பாளையங்கோட்டையில் திருமுழுக்குப் பெற்ற கிளாரிந்தா என்ற பிராமணக் கைம்பெண் அங்கே கோயிலும் சிறு பள்ளியும் எழும்பக் காரணமாக இருந்தார். 1785-இல் அவர் முன்னின்று கட்டிய ஆலயத்தை மக்கள் ‘பாப்பாத்தி கோயில்’ என்றே அழைத்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் நவீனப் பள்ளி வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். ஆனால் அது ஒரு தனி மனுஷியின் துணிச்சல். பெண்கள் கூட்டமாக ஆசிரியத் தொழிலுக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

அந்த வருகையோடு சேர்ந்திருக்கும் பெயர் சாரா டக்கர். சென்னையில் திருச்சபை மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜான் டக்கரின் தங்கை. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராதவர். இங்கிருந்து போன கடிதங்களைப் படித்து, எழுதி, தோழிகளிடம் பணம் திரட்டி அனுப்பினார். அவர் பெயரால் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சி நிறுவனம் வளர்ந்தது. 1895-இல் அதில் கல்லூரி வகுப்பும் தொடங்கியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து அந்தப் பயிற்சிக்குப் பெண்கள் போனார்கள். நாடார் குடும்பத்துப் பெண்கள், தலித் குடும்பத்துப் பெண்கள் என்று, படிப்பே மறுக்கப்பட்ட சாதிகளின் மகள்கள் அவர்களில் இருந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சம்பளம் வாங்கும் கிராமத்து ஆசிரியை எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

மிஷன்களின் கணக்கு வேறு. உபதேசியார்களுக்குப் படித்த மனைவிகள் வேண்டும். நல்ல கிறிஸ்தவக் குடும்பம் அமைய வேண்டும். பெண்பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் வாசிப்பும் வேதப்பாடமும் இருந்த அளவுக்கு ஊசியும் நூலும் இருந்தன. இடையன்குடியில் எலைசா கால்டுவெல் தொடங்கிய பின்னல் வேலை புகழ்பெற்றது. நாகர்கோவிலில் அவருடைய தாய் மார்த்தா மால்ட் இதை முன்பே ஆரம்பித்திருந்தார். பின்னல் விற்ற பணம் பள்ளிகளை நடத்த உதவியது. அதாவது, தங்கள் படிப்புச் செலவில் ஒரு பங்கைப் பெண்பிள்ளைகளே விரல் தேய ஈட்டினார்கள். ஆனால் கொடை தந்தவர்களின் பெயர்களைத்தான் கட்டடங்களில் பார்க்கிறோம்.

இருந்தாலும் மிஷன் போட்ட கணக்கு மிஷன் நினைத்தபடியே முடியவில்லை. கடாட்சபுரத்தில் பணியாற்றிய ஜான் தேவசகாயம் குருவானவரின் மகள் அன்னா, சத்தியநாதனை மணந்து ‘குருவானவர் மனைவி’ ஆனார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1860களில் சென்னைக்குக் குடிபெயர்ந்து, வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். வெளியே வராத பெண்களைத் தேடி அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பாடம் சொன்னார். ‘நல்ல தாய்’ என்ற தமிழ்க் கையேட்டை எழுதினார். பெண்பிள்ளை பள்ளிக்கு வரமுடியாவிட்டால் பள்ளி அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பணியின் ஏற்பாடு. நூற்றைம்பது ஆண்டு கழித்து அரசு இதே ஏற்பாட்டுக்கு வேறு பெயர் சூட்டியதைப் பிறகு பார்ப்போம்.

விரல் நுனியில் ஒரு தமிழ்

இந்த வட்டாரத்தில் கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கணினியிலிருந்து தொடங்குவது தவறு. 1890-இலிருந்து தொடங்கலாம். சாரா டக்கர் நிறுவனத்தின் தலைவியாக இருந்த ஆன் ஜேன் ஆஸ்க்வித் அந்த ஆண்டு பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் அப்படியொரு பள்ளி அதற்குமுன் அமிர்தசரஸில் மட்டுமே இருந்தது. அதைத் தொடங்கிய ஆனி ஷார்ப்பும் பெண்தான். அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் பாளையங்கோட்டையில் காதுகேளாதோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன.

ஆஸ்க்வித் முன்னால் இருந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். பிரெய்ல் முறையில் ஆறு புள்ளிகள். அவற்றை வைத்து 63 வடிவங்கள்தான் செய்ய முடியும். ஃபிரெஞ்சுக்கோ ஆங்கிலத்துக்கோ அது போதும். தமிழுக்கு 247 எழுத்துகள். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் தர வழியில்லை. மெய்யையும் உயிரையும் பிரித்து அடுத்தடுத்து எழுதினால்தான் தமிழ் அந்த ஆறு புள்ளிக்குள் அடங்கும். கண்ணால் படிப்பவர்கள் ஒரே எழுத்தாகப் பார்ப்பதை விரலால் படிப்பவர் ஒலிகளாகப் பிரித்துத் தொட்டுணர வேண்டும். ஒரு மொழியின் இலக்கணத்தையும், படிப்பவரின் உடலையும், கருவியின் எல்லையையும் ஒருசேர யோசித்து முடிவெடுப்பதுதான் கல்வித் தொழில்நுட்பத்தின் சாரம். அந்தக் காலத்தில் இந்திய மொழிகளுக்கு ஊருக்கு ஒரு பிரெய்ல் முறை முளைத்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல்தான் ஏற்கப்பட்டது. அதுவரை அறுபது ஆண்டுகள் அந்த வேலையை உயிரோடு வைத்திருந்தவை பாளையங்கோட்டை போன்ற இடங்களின் வகுப்பறைகள்.

ஆஸ்க்வித், ஸ்வெய்ன்சன் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. அவர்களோடு வகுப்பறையில் நின்ற தமிழ் ஆசிரியைகளின் பெயர்களை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு புள்ளி வரிசை தமிழ்க் குழந்தையின் விரலுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பவர்தான். அறிக்கை எழுதும் கை வெள்ளைக்காரருடையதாக இருந்தது. பெண்கள் ஒன்றாக வேலை செய்த இடத்திலும் இனம் ஒரு கோட்டைக் கிழித்தது. ‘பெண்களின் சாதனை’ என்று மொத்தமாகப் போற்றும்போது இந்தக் கோட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

முத்துக்குளிப்பில் கடலுக்குள் குதிப்பவர் ஒருவர். படகில் நின்று கயிறு பிடிப்பவர் இன்னொருவர். மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். கவனம் ஒரு கணம் தவறினால் உயிர் போகும். அதனால் மச்சினனிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலி அறுக்கக் கூடாதென்று அவன் கண்ணை எடுக்காமல் நிற்பானாம். முத்து எடுத்தவர் கதையில் வருவார். கயிறு பிடித்தவர் வரமாட்டார். ஆசிரியைகள் நெடுங்காலம் கயிறு பிடித்தவர்கள்.

பட்டத்துக்கு எத்தனை மைல்

பயிற்சி பெற்ற ஆசிரியை என்பது ஒன்று. பட்டம் பெற்ற ஆசிரியை என்பது வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. ஆண்களுக்கான அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1856-லேயே தொடங்கி, பின்னாளில் சைதாப்பேட்டைக்குப் போனது. பெண் பட்டதாரிகளுக்கான ஆசிரியர் கல்லூரிகளான லேடி வெலிங்டனும் செயின்ட் கிறிஸ்டோபரும் வந்தது 1922-லும் 1923-லும். அதுவும் சென்னையில். திருச்செந்தூரிலிருந்தோ மணப்பாட்டிலிருந்தோ ஒரு பெண் அங்கே போக வேண்டுமென்றால் 600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், விடுதியில் தங்கி, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுப் படிக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அதற்குச் சம்மதித்திருப்பார்கள்?

அடுத்த அரை நூற்றாண்டில் அந்தத் தூரம் துண்டு துண்டாகக் குறைந்தது. 1948-இல் தூத்துக்குடியில் பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி. 1950களில் வ.உ.சி. பெயரிலான கல்லூரியும் அதைத் தொடர்ந்து கல்வியியல் கல்லூரியும். 1957-இல் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி. பட்டம் தரும் பல்கலைக்கழகம் 1966-இல் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தது. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமாக வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பெண் கல்வியை விழிப்புணர்வின் கதையாக மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய் வர முடிகிறதா என்பது பல பெண்களுக்குப் படிப்பின் தலைவிதியையே முடிவு செய்தது.

இதற்கிடையே சத்தமில்லாமல் வந்த இன்னொரு வழி அஞ்சல்வழிக் கல்வி. மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் அதைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1979-இல் வந்தது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுகளை, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, அடுப்படி மேடையில் வைத்துப் படித்து முதுகலை முடித்த ஆசிரியைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கேலியாக ‘தபால் பட்டம்’ என்றார்கள். ஆனால் கல்வித் தொழில்நுட்பம் என்றால் என்ன என்பதை அந்தப் பெண்கள் புத்தகத்தில் படிக்கும் முன்பே வாழ்ந்துவிட்டார்கள். ஆசிரியர் எதிரில் இல்லாமல், எழுதப்பட்ட பாடமே ஆசிரியராக இருப்பது எப்படி, எங்கே அது உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

துறை பிறந்த கதை

கல்வித் தொழில்நுட்பம் என்ற துறையின் வேர்களில் ஒன்று போர்க்களத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான வீரர்களை வேகமாகப் பயிற்றுவிக்கத் திரைப்படங்களையும் பிற ஒளி-ஒலிக் கருவிகளையும் பயன்படுத்தியது. போருக்குப் பின் அந்த அனுபவம் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது. 1953-இல் உளவியலாளர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போகவேண்டியிருந்ததும், விடை சரியா தவறா என்று உடனே தெரியாததும் அவரை உறுத்தின. திரும்பி வந்து ‘கற்பிக்கும் எந்திரம்’ செய்யத் தொடங்கினார். துறையின் வரலாற்றில் இது புகழ்பெற்ற கதை. கதையில் ஸ்கின்னர் இருக்கிறார், எந்திரம் இருக்கிறது. வகுப்பை நடத்தியவர் சரிசெய்யப்பட வேண்டிய குறையாக மட்டும் இருக்கிறார்.

இந்தியாவில் இது வானத்திலிருந்து வந்தது. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டப்பட்டது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் கீழ் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது. 2004-இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. பட்டப்படிப்புகளும் வந்தன. மகர்ஷி கார்வே 1916-இல் பெண்களுக்காகத் தொடங்கிய எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகம் மும்பையில் இதற்கென ஒரு துறையை வைத்து முதுகலைப் பட்டம் தருகிறது. நம் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. 2010-இல் இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியது.

இங்கே படிப்பது கணினி இயக்கத்தை மட்டும் என்று நினைக்க வேண்டாம். எதைக் கற்பிக்கப் போகிறோம், யாருக்கு, அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எந்த ஊடகம் பொருந்தும், கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு என்ன சான்று? பாட வடிவமைப்பு என்ற பெயரில் இந்தக் கேள்விகளைத்தான் வரிசையாகக் கேட்கப் பழக்குகிறார்கள். நல்ல ஆசிரியை தினமும் மனதுக்குள் கேட்பவைதான் இவை. பட்டம் அவருக்குக் கூடுதலாகத் தருவது மூன்று: தான் செய்வதைச் சொல்ல ஒரு மொழி, அது சரியா என்று சோதிக்க ஒரு முறை, சொன்னால் கேட்கவைக்கும் ஒரு தகுதி.

அந்தத் தகுதியின் அருமையை நம் மாநிலத்தின் கதையே காட்டுகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே இறங்கிய கரும்பலகை. ஆந்திராவின் ரிஷிவேலி அனுபவமும் மான்டிசோரியின் சிந்தனையும் அதற்குப் பின்னால் இருந்தன. அட்டைகளை உருவாக்குவதில் வகுப்பறை ஆசிரியர்கள் உழைத்தார்கள். திட்டத்தைப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் அதைக் கொண்டுவந்த ஆட்சிப்பணி அதிகாரியுடையது. அவருடைய பங்கு பெரியதுதான். ஆனால் புளியங்கொட்டையையும் தீக்குச்சியையும் வைத்துப் பத்துக்களும் ஒன்றுகளும் சொல்லிக்கொடுத்தே பழகிய ஆசிரியைகள் அந்த அட்டைகளில் போட்ட அறிவு ‘நடைமுறைப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது.

1939-இல் மரியா மான்டிசோரியே சென்னை அடையாறுக்கு வந்து நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி தந்தார். மணிகளும் மரக்கட்டைகளும் சொரசொரப்பான எழுத்து அட்டைகளும் அவர் வடிவமைத்தவை. அவர் பெயரிலேயே உலகமெங்கும் வழங்குகின்றன. ஒரு பெண் தன் கருவிக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள முடிந்தது. அவர் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதையும், எழுதினார், ஆய்வு செய்தார், பயிற்சிகளைத் தன் கையில் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பூட்டிய பள்ளிகள், திறந்த வீடுகள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்குமுன்பே, 2019 ஆகஸ்டில், தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடுகளும் வந்திருந்தன. கருவிகள் தயாராகத்தான் இருந்தன. ஆனால் கருவி யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காடு. பெண்கள் 33 விழுக்காடு. ஒரே கைபேசி உள்ள வீட்டில் அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோனால் பாடம் போயிற்று. இரவில் திரும்பக் கொண்டுவந்தால் முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். உப்பளத்திலும் மீன் ஏலக்களத்திலும் வேலை நின்றுபோன வீட்டில் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்வதே செலவு.

2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை, அவர்கள் தெருவிலேயே வகுப்பு. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பதிவும் வருகையும் கைபேசிச் செயலியில். மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். அன்னா சத்தியநாதன் செய்த வேலை மாநிலம் தழுவியதாகத் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்கு அது நன்மை செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல பெண்களுக்கு வீட்டைவிட்டு வெளியே வந்து ‘டீச்சர்’ என்று அழைக்கப்படும் வாய்ப்பையும் தந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வகுப்பு நாளைக் கொண்டு வகுத்தால் ஒரு மாலைக்கு 50 ரூபாய் அளவில் வரும். செயலி செய்தவருக்குத் தொழில்நுட்பச் சம்பளம். செயலியைப் பிள்ளைகளின் தெருவுக்குள் கொண்டுபோனவருக்குத் தொண்டூழியம்.

பள்ளிக்குள்ளும் இதே பிரிவினை. எமிஸ் தளத்தில் வருகை, நலத்திட்டம், தேர்வு மதிப்பெண் என்று நாள்தோறும் பதிவேற்ற வேண்டியிருப்பதாகவும் கற்பிக்கும் நேரம் அதில் கரைவதாகவும் ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. தமிழ்நாட்டின் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் காலையிலிருந்து மாலைவரை தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களை யார் கேட்கிறார்கள்?

விண்ணப்பம் போடும் ஆசிரியைக்கு

இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு பள்ளி ஆசிரியை கல்வித் தொழில்நுட்பம் படிக்கப் போவதன் அரசியல் தொடங்குகிறது. அவர் பயன்படுத்துபவர் என்ற இடத்திலிருந்து வடிவமைப்பவர் என்ற இடத்துக்கு நகர்கிறார்.

வழி எளிதல்ல. அரசுப் பள்ளி ஆசிரியை மேற்படிப்புக்குத் துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். கூடுதல் பட்டத்துக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பின்னர் ஒருமுறை வழங்கும் தொகையாகத்தான் ஊக்கம் திரும்பி வந்தது. ‘எதுக்கு இனிமே படிப்பு, சம்பளமா கூடப்போகுது?’ என்று வீட்டில் கேட்பவர்களுக்கு அந்த ஆணை நல்ல ஆயுதம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கட்டாக இருந்த எம்ஃபில் 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய விதிகளோடு முடிவுக்கு வந்தது. பணியில் இருந்துகொண்டே ஓரிரு ஆண்டில் ஆய்வைப் பழகிப் பார்க்க உதவிய அந்தப் படிக்கட்டு போனதில் அதிகம் இழந்தவர்கள் வேலையும் குடும்பமும் சுமக்கும் பெண்கள். தனியார் பள்ளி ஆசிரியைக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். மாலை ஆறிலிருந்து பத்துவரை ஆண் ஆசிரியருக்குப் படிக்கும் நேரம். பெண் ஆசிரியருக்கு அது இரண்டாம் பணிநேரம்.

ஆகவே இதைத் தனி மனுஷியின் விடாமுயற்சிக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. புன்னைக்காயலில் அச்சு வந்து 350 ஆண்டு கழித்தும் இங்கிருந்து ஒரு பெண் பட்டம் பெற்ற ஆசிரியையாகச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது என்றால், அவளுக்கு முயற்சி போதாமல் இருந்தது என்று பொருளல்ல. கல்லூரி பக்கத்தில் வந்தபோது, தபாலில் பாடம் வந்தபோது, பெண்கள் கூட்டமாக நுழைந்தார்கள். இன்று வேண்டியதும் அதுவே. சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இந்தக் கரையின் கல்வியியல் கல்லூரிகளிலும் வாரஇறுதியில் படிக்கத்தக்க வகுப்புகள், செயலியையோ பாட அட்டையையோ உருவாக்கும் குழுவில் வகுப்பறை ஆசிரியைகளுக்குப் பெயரோடும் ஊதியத்தோடும் இடம். இவை கோரிக்கைகள். மாணவிகளும் சங்கங்களும் கேட்க வேண்டியவை.

விண்ணப்பம் எழுத உட்காரும் ஆசிரியைக்கு ஒரு சொல். இந்தத் துறையில் உங்களுக்கு என்ன முன் அனுபவம் என்று கேட்பார்கள். கணினிச் சான்றிதழ் இல்லையே என்று அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கைபேசியில் பாடம் அனுப்பிய விதத்தை எழுதுங்கள். படிக்கத் திணறிய பிள்ளைக்கு எழுத்தட்டையை எப்படி மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். தேதி போடுங்கள், உங்களோடு சேர்ந்து செய்த ஆசிரியையின் பெயரையும் போடுங்கள். ஆஸ்க்வித்தின் பள்ளியில் பக்கத்தில் அமர்ந்து புள்ளிகளைத் தொட்டுக்காட்டியவர்களின் பெயர் நம் நினைவில் இல்லை. அடுத்து வருகிறவர்கள் நம்மைப் பற்றியும் அப்படி எழுத நேரக் கூடாது.